கடின மரத்துக்குத் தாங்கும் தடிமன் பிளேனர்: சிங்கப்பூரில் எதைப் பார்த்து வாங்குவது

பலகையைச் சீவி ஒரே தடிமனுக்குக் கொண்டுவரும் தடிமன் பிளேனரை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை எச்பி?" என்றுதான். அதை நான்காவது கேள்வியாக வைத்துக்கொண்டால் போதும். செங்கால், பலாவ், தேக்கு போன்ற மரங்களில் மெஷின் பெரும்பாலும் மோட்டார் பலம் போதாமல் கெடுவதில்லை. மழுங்கிய பிளேடோடு தொடர்ந்து ஓட்டுவதால்தான் கெடுகிறது. மழுங்கிய பிளேடு மரத்தைச் சீவாது, அடிக்கும். பலகை, அதைத் தள்ளும் ரோலருக்கு அடியில் வழுக்கி நிற்கும். நின்ற இடத்தில் பிளேடு உரசிக் கருக்கும். மோட்டார் சூடேறும், கார்பன் பிரஷ் சீக்கிரம் கரையும், பேரிங் தளரும். அதனால் தேர்வை மரத்திலிருந்து தொடங்க வேண்டும்: என்ன மரம், அதை எந்த விளிம்பு வெட்டப் போகிறது, பலகையை எது பிடித்துத் தள்ளுகிறது, பிறகு மோட்டார், கடைசியில் உதிரிப் பாகம் இங்கே கிடைக்குமா. இந்த வரிசையில் யோசித்தால் விலைப்பட்டியலில் நிறைய மெஷின்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. தடிமன் பிளேனர் வளைந்த பலகையை நேராக்காது. ரோலர்கள் பலகையை அழுத்திப் படுக்கவைத்து இழைக்கும். வெளியே வந்ததும் அது பழையபடி வளைந்துகொள்ளும். கீழ்முகம் எப்படியோ மேல்முகமும் அப்படியே வரும். ஒரு முகத்தை ஜாயின்டரிலோ இழைப்புளியாலோ முதலில் சமமாக்கிக்கொள்ள வேண்டும். ஜாயின்டர் இல்லாதவர்கள் 18 மி.மீ. எம்டிஎஃப் அல்லது பிளைவுட் மேல் பலகையை வைத்து, ஆடும் மூலைகளுக்கு அடியில் மெல்லிய ஆப்பு செருகி, ஹாட் குளூ போட்டுப் பிடிக்கவைத்து, அடிப்பலகையோடு சேர்த்தே ஓட்டலாம். ஜாயின்டருக்கு வேறு பட்ஜெட் ஒதுக்க முடியாதவர்கள் இந்த வழியையே நம்பலாம். அப்படியானால் 150 மி.மீ. உயரம் வரை பலகை நுழையும் மெஷினாகப் பாருங்கள்.

மரம்

சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைகளில் மலேசிய, இந்தோனீசிய வகைகள்தான் அதிகம்: செங்கால், பலாவ், மெர்பாவ், கப்பூர், கெருயிங், மெரந்தி, நியாத்தோ. கூடவே தேக்கு. சாலையோரத்தில் வெட்டப்பட்ட தூங்குமூஞ்சி மரமும் ஆப்பிரிக்க மஹோகனியும் அகலப் பலகைகளாக அறுக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. இடிபட்ட பழைய கட்டடங்களின் உத்தரங்களும் சுற்றில் இருக்கின்றன.

எடையை வைத்து மட்டும் இந்த மரங்களை மதிப்பிட்டால் ஏமாற்றம்தான். காய்ந்த செங்கால் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் இருக்கும். பலாவ் 850-இல் தொடங்கி 1,100-ஐயும் தாண்டும். தேக்கு 650 அளவில்தான். ஆனால் பிளேடைத் தின்பதில் தேக்கு இளைத்ததில்லை. அதில் சிலிக்கா உண்டு. மணலைச் சீவுவது போலத்தான். கப்பூரிலும் கெருயிங்கிலும் சிலிக்கா இருக்கிறது. கெருயிங்கில் கூடுதலாகப் பிசின். அது ரப்பர் ரோலரில் படிந்து பளபளவென்று ஆகிவிட்டால் பலகை நகராது. கப்பூர் அமிலத்தன்மை உள்ளது. ஈரமான கப்பூர்ச் சீவலை இரும்பு மேசையில் இரவு முழுக்க விட்டால் மறுநாள் மேசையில் துரு, மரத்தில் கருநீலக் கறை.

இதெல்லாம் பிளேடின் கவலை. மேற்பரப்பின் கவலை வேறு. கெம்பாஸ், கப்பூர், தூங்குமூஞ்சி, ஆப்பிரிக்க மஹோகனி ஆகியவற்றில் ரேகை ஒரு பட்டை இந்தப் பக்கம், அடுத்த பட்டை அந்தப் பக்கம் என்று மாறி மாறிச் சாயும். எந்தப் பக்கமிருந்து ஊட்டினாலும் பாதிப் பட்டைகள் எதிர்ரேகையில்தான் சிக்கும். நேர் பிளேடில் அங்கேதான் மரம் பிய்ந்து குழி விழும். சில சமயம் 1 மி.மீ. ஆழத்துக்கே பிய்யும். பலகையைத் திருப்பிப் போட்டால் குழியும் இடம் மாறும், போகாது.

ஆக, வாரக்கடைசியில் நியாத்தோவும் மெரந்தியும் மட்டும் இழைக்கிறவருக்கு வேண்டிய மெஷின் வேறு, செங்கால் உத்தரங்களை மேசைப் பலகையாக்குகிறவருக்கு வேண்டியது வேறு.

வெட்டும் விளிம்பு

மேசைமேல் தூக்கிவைத்து ஓட்டும் சிறிய மேசை பிளேனர்களில் வருவது பெரும்பாலும் எச்எஸ்எஸ் என்ற அதிவேக எஃகின் மெல்லிய, இருபக்க விளிம்புள்ள பிளேடுகள். ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம், இரண்டும் மழுங்கினால் தூக்கிப் போடலாம். மெரந்திக்கும் நியாத்தோவுக்கும் இதுவே தாராளம். தேக்கிலும் கெருயிங்கிலும் இந்த விளிம்பு போகும் வேகத்தைப் பார்த்தால் ஒரு வருடத்துக்கான பிளேடு செலவை மெஷின் விலையோடு சேர்த்தே கணக்கிடத் தோன்றும்.

இதற்கு மாற்று, எஃகைவிடக் கடினமான கார்பைடு துண்டுகள் பதித்த கட்டர் ஹெட், அதாவது சுழன்று வெட்டும் உருளை. 14 அல்லது 15 மி.மீ. சதுரத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விளிம்பு. 330 மி.மீ. அகல ஹெட்டில் மாதிரியைப் பொறுத்து 25-இலிருந்து 40 துண்டுகள் வரை இருக்கும். சிலிக்கா உள்ள மரத்தில் கார்பைடு எஃகைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆணியில் இடித்தால் அந்த ஒன்றிரண்டு துண்டுகளை மட்டும் கால் சுற்று திருப்பினால் வேலை தொடரும். நேர் பிளேடாக இருந்தால் பலகை முழுக்கக் கோடு விழுந்துகொண்டே வரும்.

விற்பனை அட்டையில் "ஸ்பைரல்" என்றும் "ஹெலிகல்" என்றும் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். துண்டுகள் திருகுச்சுழல் வரிசையில் இருப்பது ஒன்று. ஒவ்வொரு துண்டின் விளிம்பும் பலகைக்குக் குறுக்கே சாய்ந்து வெட்டுவது வேறொன்று. மாறுரேகை மரத்தில் பிய்தலைக் குறைப்பது இந்தச் சாய்வுதான். வரிசை மட்டும் சுழன்று, விளிம்பு அச்சுக்கு இணையாக இருந்தால் சத்தம் குறையும், பிய்தல் அவ்வளவாகக் குறையாது. மலிவு மெஷின்கள் சிலவற்றில் "சுழல் ஹெட்" என்று வருபவை சின்ன எச்எஸ்எஸ் துண்டுகள், இரண்டே விளிம்பு. கடையில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துண்டு சதுரமா, நான்கு பக்கமும் கூரா, அச்சுக்குச் சாய்ந்திருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள்.

கார்பைடு ஹெட்டிலும் குறை உண்டு. வெட்டும் கோணம் மந்தமானதால் அதே ஆழத்துக்கு மோட்டார் அதிகம் உழைக்கும். நேர் பிளேடில் 1 மி.மீ. எடுத்த இடத்தில் முக்கால் மி.மீ. என்று இறங்க வேண்டிவரும். 1,500 வாட்டுக்குக் குறைந்த மெஷினில் பின்னால் வாங்கிப் பொருத்தினால், அகலப் பலகையில் மோட்டார் திணறுவதைக் காதாலேயே கேட்கலாம்.

துண்டைத் திருப்பும்போது அதன் இருக்கையைத் துடைக்காமல் மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு தூசி போதும், அந்தத் துண்டு இம்மியளவு எழும்பிப் பலகை நெடுக ஒரு வரியைக் கீறும். ஸ்க்ரூவை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பல ஹெட்டுகளுக்கு 5.5 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவு சொல்லப்படுகிறது. உங்கள் கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கைவாக்கில் ஓங்கி இறுக்கினால் கார்பைடு விரிசல் விடும்.

வெட்டு இடைவெளி என்ற கணக்கு

கடையில் யாரும் சொல்லாத, ஆனால் அட்டையில் உள்ள எண்களிலிருந்தே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. பலகை ஒரு நிமிடத்தில் நகரும் தூரத்தை மி.மீ.யில் எடுத்து, கட்டர் ஹெட்டின் ஆர்பிஎம்-ஐ (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பிளேடு எண்ணிக்கையால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், அடுத்தடுத்த இரண்டு வெட்டுக்கு நடுவே உள்ள தூரம் கிடைக்கும்.

மக்கிட்டா 2012என்பி-யில் பலகை நிமிடத்துக்கு 8.5 மீட்டர் நகரும். ஹெட் 8,500 ஆர்பிஎம், பிளேடு இரண்டு. 8,500 மி.மீ.யை 17,000-ஆல் வகுத்தால் 0.5 மி.மீ. டிவால்ட் டிடபிள்யூ735-இல் 10,000 ஆர்பிஎம், மூன்று பிளேடு, பலகை நகரும் ஃபீட் வேகம் இரண்டு. வேகமான கியரில் இடைவெளி சுமார் 0.26 மி.மீ., மெதுவான கியரில் 0.14. தரையில் நிற்கும் பெரிய மெஷின் 5,000 ஆர்பிஎம், மூன்று பிளேடு, நிமிடத்துக்கு 5 மீட்டர் என்றால் 0.33.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு டார்ச் போதும். இழைத்த பலகையை இருட்டான இடத்துக்குக் கொண்டுபோய், ஒளியைப் பலகையோடு பலகையாகப் படுக்கவைத்து, ரேகையின் நீளவாக்கில் அடியுங்கள். 0.5 மி.மீ. இடைவெளியில் சின்னச் சின்ன அலைகள் நிழலோடு எழும்பித் தெரியும். 0.14-இல் அலை தெரியாது, மாறுரேகைப் பட்டைகளில் பிய்ந்த புள்ளிகள் மட்டும் தெரியும். அலை சீராக இல்லாமல் இரண்டு மூன்றுக்கு ஒன்று பெரிதாக இருந்தால் பிளேடுகள் ஒரே உயரத்தில் இல்லை என்று அர்த்தம். அப்போது மூன்று பிளேடு இருந்தும் மேற்பரப்பை முடிப்பது அதில் உயர்ந்து நிற்கும் ஒன்றுதான்.

இடைவெளி சிறிதாக இருப்பது எப்போதும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கடின மரத்தில் மிகச் சிறிய கடி என்பது வெட்டைவிட உரசலுக்கே நெருக்கம். விளிம்பு சூடேறிச் சீக்கிரம் மழுங்கும். தடிமன் குறைக்கும் சுற்றுகளை வேகமான ஃபீடிலும் கடைசி ஒன்றிரண்டு சுற்றை மெதுவான ஃபீடிலும் ஓட்டுவதே பிளேடுக்கு இதம். இரண்டு வேக கியர் உள்ள மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது கடின மரக்காரருக்கு வீண் செலவு ஆகாது.

மோட்டாரும் இங்குள்ள மின்சாரமும்

சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 13 ஆம்ப் மூன்று முள் பிளக். இதிலிருந்து எடுக்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 3,000 வாட். மேசை பிளேனர்கள் 1,500 முதல் 1,800 வாட். 7-இலிருந்து 8 ஆம்ப். தனியாக ஓடும்போது சிக்கலே இல்லை. அதே நீட்டிப்பு வயரில் 1,500 வாட் தூசி உறிஞ்சியையும் செருகினால் 13 ஆம்பைத் தாண்டிவிடும். பிளக்கில் உள்ள ஃபியூஸ் உடனே எரியாது. ஆனால் பிளக் சூடாகி மஞ்சளாகும், பிறகு உருகும். தனித்தனிச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். நீட்டிப்பு வயர் தவிர்க்க முடியாவிட்டால் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையான சேஃப்டி மார்க் உள்ளதாக, 10 மீட்டருக்கு மேல் என்றால் 2.5 சதுர மி.மீ. கம்பி உள்ளதாக எடுங்கள். ரீலில் சுற்றிய வயரை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். மெல்லிய வயரில் வோல்ட் இறங்கினால் மோட்டார் வேகம் குறையும், சுமை ஏறும், பிரஷ் கரையும்.

மேசை பிளேனரில் இருப்பது பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டார்: அதிவேகம், அதிசத்தம், குறைந்த எடை. பிரஷ் என்பது தேய்வதற்கென்றே உள்ள பாகம். வெளியிலிருந்தே ஸ்க்ரூ மூடியைத் திறந்து மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்; சில மெஷின்களில் பாதி உடம்பைக் கழற்ற வேண்டும். தரையில் நிற்கும் 15, 16, 20 அங்குல மெஷின்களில் இண்டக்‌ஷன் மோட்டார். பிரஷ் கிடையாது, நாள் முழுக்க ஓடும், பராமரித்தால் பல்லாண்டு தாங்கும்.

வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாக இருக்கிறதே என்று தோன்றும் இடம் இதுதான். அமெரிக்காவுக்கான 120 வோல்ட் மேசை பிளேனரை இங்கே ஓட்ட வோல்ட்டைக் குறைத்துத் தரும், 3,000 விஏ அளவுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது இருந்தால் யுனிவர்சல் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை. இண்டக்‌ஷன் மோட்டார் கதை வேறு. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50-இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அதே வோல்ட்டில் ஓடும்போது மோட்டாரின் இரும்புக் கரு காந்தத்தால் நிறைவடைந்து, மோட்டார் வெறுமனே சுழலும்போதே கொதிக்கும். ஹெட்டும் ஃபீடும் ஒரே மோட்டாரில் இயங்குவதால் வெட்டு இடைவெளி மாறாது, பலகையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. காயில் கருகிய வாசனை வரும்போதுதான் தெரியும். பெயர்த்தகட்டில் 50 ஹெர்ட்ஸ் என்று இல்லாத பெரிய மெஷினைத் தொடாதீர்கள்.

இறக்குமதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு. அது பொருள் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கட்டணம், காப்புறுதி சேர்ந்த தொகைக்கு. 40 கிலோ மெஷினுக்குக் கப்பல் கட்டணமே கணிசம்.

3 எச்பி ஒற்றை ஃபேஸ் மெஷினைப் பிளக்கில் செருகி ஓட்ட முயல வேண்டாம். 2.2 கிலோவாட் இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான ஓட்டத்தைப் போல ஆறேழு மடங்கு ஆம்ப் இழுக்கும். 20 ஆம்ப் தனி இணைப்பும் மின்சாரத்தை முழுக்கத் துண்டிக்கும் ஐசொலேட்டரும் சி அல்லது டி வகை பிரேக்கரும் உரிமம் பெற்ற மின்பணியாளர் போட்டுத்தர வேண்டும். தொழிற்பேட்டை யூனிட்டில் மூன்று ஃபேஸ் இருந்தால் மூன்று ஃபேஸ் மெஷினையே வாங்குங்கள். கெபாசிட்டரும் ஸ்டார்ட் சுவிட்சும் இல்லாததால் கெட்டுப்போகும் பாகங்கள் இரண்டு குறையும்.

ரோலர், தூண், மேசை

மேசை பிளேனர் ரோலர்கள் ரப்பர் அல்லது பாலியூரித்தேன். பலகையில் தடம் விழாது. பிசினிலும் தூசியிலும் பிடிப்பு போகும். பெரிய மெஷின்களில் உள்ளே இழுக்கும் ரோலர் பல் வெட்டிய எஃகு. செங்காலைக்கூட விடாமல் இழுக்கும். ஆனால் அரை மி.மீ.க்குக் குறைவாக எடுத்தால் பல்தடம் பலகையிலேயே தங்கிவிடும். எனவே கடைசிச் சுற்றுக்கும் கொஞ்சம் தடிமன் மிச்சம் வைக்க வேண்டும்.

ஹெட்டும் ரோலர்களும் உள்ள தலைப்பகுதியைத் தாங்குவது நான்கு தூணா, அதைப் பூட்டும் வசதி உண்டா என்று பாருங்கள். பலகையின் முதல் 50, 60 மி.மீ.யும் கடைசி 50, 60 மி.மீ.யும் ஒரே ரோலரின் பிடியில் இருக்கும்போது நுனி எழும்பி, அங்கே மட்டும் கால் மி.மீ. அளவு குழி விழுவதைத்தான் ஸ்னைப் என்கிறார்கள். எடை கூடிய பலாவ் பலகையில் இது மோசமாகும். 2 மீட்டர் பலகையின் தொங்கும் பக்கமே மறுநுனியை நெம்பித் தூக்கும். முன்பின் மேசைகள் நீளமாக, உயரம் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். நேர்க்கோலை நடு மேசைமேல் வைத்து, நீட்டு மேசைகளின் வெளிநுனி அரை மி.மீ.யிலிருந்து 1 மி.மீ. வரை உயர்ந்திருக்கும்படி திருத்துங்கள். அதோடு பலகைகளை ஒன்றின் வாலில் மற்றொன்றின் தலை முட்டும்படி வரிசையாக ஊட்டினால் முதல் பலகையின் தலையும் கடைசிப் பலகையின் வாலும்தான் பாதிக்கும். அங்கே கழிவுத் துண்டை வைத்துவிடலாம்.

ஃபீடை ஓட்டும் கியர் பற்றியும் கேளுங்கள். பிளாஸ்டிக் பல்சக்கரம் மென்மரத்துக்குப் போதும். கனமான பலகை நின்று நின்று நகரும்போது முதலில் உடைவது அதுதான்.

எவ்வளவு ஆழம்

அகலம் கூடக் கூட ஆழம் குறைய வேண்டும். அட்டையில் "அதிகபட்சம் 3 மி.மீ." என்றிருப்பது குறுகிய மென்மரத்துக்கான பேச்சு. 1,800 வாட் மேசை பிளேனரில் 300 மி.மீ. அகலச் செங்காலுக்கு அரை மி.மீ.; 150 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ.; மாறுரேகை மரத்தின் கடைசிச் சுற்றுகளுக்கு 0.3. இதற்கு மேல் எடுத்தால் வேலை வேகமாக முடிவதில்லை, வெப்பக் காப்பு சுவிட்ச் விழுந்து காத்திருக்கும் நேரம்தான் கூடுகிறது. நேர் பிளேடில் பிய்தல் நிற்கவில்லையென்றால் பலகையின் மேற்பரப்பை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, உடனே 0.3 மி.மீ. எடுத்துப் பாருங்கள்; நார் இளகிச் சீவலாக வரும். ஓட்டி முடித்ததும் மேசையைத் துடைத்துவிடுங்கள். அதற்கும் மசியாத மரத்தைக் கொஞ்சம் தடிமன் மிச்சம் வைத்து நிறுத்திவிட்டு, கையால் சுரண்டும் ஸ்க்ரேப்பருக்கோ உப்புத்தாள் உருளையால் தேய்க்கும் டிரம் சாண்டருக்கோ மாறிவிடுவது நல்லது.

300 மி.மீ.க்குக் குட்டையான துண்டுகளை ஊட்டவே கூடாது. இரண்டு ரோலருக்கும் நடுவில் பிடியின்றி நிற்கும் துண்டை ஹெட் தூக்கி அடிக்கும். கையேட்டில் அதற்கும் நீளமான அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

எங்கே வைப்பது

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் பிளேனர் வேண்டாம். மேசை பிளேனர் சுமையோடு ஓடும்போது 95 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். சத்தம் கூடிய புதுப்பிப்பு வேலைகளுக்கே வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் வீவக அனுமதி. சனி, ஞாயிறு கிடையாது. உங்களுக்கு நேரம் கிடைக்கும் வாரக்கடைசி அடிபட்டுப்போகும். சர்வீஸ் யார்டில் 28 கிலோ மெஷினை எடுப்பதும் வைப்பதும் வேறு. வாடகைக்கு இடம் தரும் பொதுப் பட்டறையில் மணிக்கணக்கில் இழைத்துக்கொள்வது, அல்லது உபி, காக்கி புக்கிட் தொழிற்பேட்டைகள் பக்கம் நண்பர்கள் சேர்ந்து இடம் எடுப்பது இரண்டுமே அக்கம்பக்கத்தாரோடு உறவைக் காக்கும். ஹெலிகல் ஹெட் சத்தத்தைக் கணிசமாகக் குறைக்கும் என்பது உண்மை. சுவர் கடந்து போகும் அதிர்வை அது குறைக்காது.

வேலையிட ஒலி விதிமுறைகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்; 97 டெசிபலில் அரை மணி நேரம்தான். காதுக்கவசம் இல்லாமல் ஓட்டுவது பேச்சுக்கே இடமில்லை.

தூசிக்கும் கணக்கு உண்டு. 300 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், நிமிடத்துக்கு 8.5 மீட்டர் என்றால் கட்டி மரமாகவே நிமிடத்துக்கு 2.5 லிட்டர். சீவலாக உப்பினால் 12 லிட்டருக்குக் குறையாது. 30 லிட்டர் வாக்குவம் கிளீனர் இரண்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும். 100 மி.மீ. குழாயும் பெரிய பையும் உள்ள தூசி உறிஞ்சிதான் இதற்குச் சரி. குழாய் அடைத்தால் சீவல் ஹெட்டுக்கே திரும்பி, பலகையில் சின்னச் சின்ன அமுக்குத் தழும்பாகப் பதியும். பலர் அதைப் பிளேடின் குற்றம் என்று நினைத்து பிளேடை மாற்றுவார்கள். மரத்தூளை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்திருக்கிறது. உறிஞ்சி இருந்தாலும் முகக்கவசமும் வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

மெஷினுக்கு விலை கேட்கும் முன் பிளேடு செட்டுக்கும் கார்பன் பிரஷுக்கும் டிரைவ் பெல்ட்டுக்கும் விலை கேளுங்கள். "ஸ்டாக் இருக்கு" என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "ஆர்டர் போட்டு வரும்" என்றால் எத்தனை வாரம் என்று கேட்டு, அந்த வாரங்களில் உங்கள் வேலை நிற்கும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோலர், ஃபீட் கியர், சுவிட்ச் மூன்றுக்கும் பாக எண் போட்ட விரிவுப்படம் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தூக்கிப் போடும் மெஷின்தான். உத்தரவாதம் இங்குள்ள சர்வீஸ் சென்டருடையதா, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பழைய மெஷின் என்றால் 250 மி.மீ. அகல பலகை ஒன்றையும் டிஜிட்டல் காலிப்பரையும் கையோடு கொண்டுபோங்கள். ஒருமுறை ஓட்டி, இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் என்றால் தயங்காதீர்கள். கால் மி.மீ. என்றால் தலை சாய்ந்திருக்கிறது; பெரிய மெஷினில் செயின் பற்களை நகர்த்தித் திருத்தலாம், மேசை பிளேனரில் சில சமயம் தூண் திருகுகளே தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹெட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். கரகரவென்று உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. உயரக் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டு எதிர்த்திசையில் திருப்பி, தலை அசையும் வரை எவ்வளவு வெறும் சுற்று போகிறது என்று பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

வாங்கிய பிறகு

இங்குள்ள ஈரக்காற்றில் வார்ப்பிரும்பு மேசை ஒரு வாரம் கைபடாமல் இருந்தால் பழுப்பேறும். பாரஃபின் மெழுகு தேய்த்துத் துணியால் பளபளப்பாக்குங்கள். துரு வராது, பலகையும் வழுக்கிப் போகும். சிலிக்கோன் ஸ்பிரே வேண்டாம், அது மரத்தில் ஒட்டி வார்னிஷைப் பிடிக்கவிடாது. ரப்பர் ரோலரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். கெருயிங், மெரந்தி ஓட்டும் நாட்களில் வேலை முடிந்ததுமே துடைத்துவிட்டால் பிசின் காயாது. பெயிண்ட் தின்னரும் அசிட்டோனும் ரப்பரைத் தின்றுவிடும். தூண் திருகுகளுக்கு எண்ணெய் விட்டால் தூள் ஒட்டிக் குழம்பாகும். உலர்ந்த மெழுகு ஸ்பிரே போதும்.

மரத்தையும் காற்று விடாது. வெளியில் அடுக்கிய மரம் 15 முதல் 17 விழுக்காடு ஈரத்தோடு நிற்கும், குளிரூட்டப்பட்ட அறையில் அது 11, 12-க்கு இறங்கும். ஒரே நாளில் இறுதித் தடிமனுக்கு இழைத்து அறைக்குள் கொண்டுபோனால் அங்கே வளையும். 2, 3 மி.மீ. மிச்சம் வைத்து, இருபுறமும் சமமாக எடுத்து, பலகைக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, அது பயன்படப்போகும் அறையிலேயே ஒரு வாரமாவது போட்டுவைத்துவிட்டு மீதியை இழையுங்கள்.

இடிபாட்டு உத்தரம் என்றால் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை நான்கு பக்கமும் ஓட்டுங்கள். செங்காலில் உடைந்த ஆணி நுனி வெளியே தெரியாது. அதைச் சுற்றி மரம் கறுத்திருக்கும், அந்தக் கறையைத் தேடுங்கள். பெயிண்ட், சிமெண்ட், மணல் ஒட்டிய மேல்தோலை பிளேனருக்கே காட்டாதீர்கள். இரும்பு பிரஷால் தேய்த்துவிட்டு, வட்ட ரம்பத்தில் இரண்டு மி.மீ. தோலை அறுத்துத் தள்ளுங்கள். ரம்பத்தின் பல்லை மீண்டும் கூர்தீட்ட ஆகும் செலவு ஒரு செட் கார்பைடு துண்டுகளின் விலையில் சிறு பங்குதான். பழைய ரயில் கட்டைகளில், மரம் உளுத்துப்போகாமலிருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊட்டியிருக்கக்கூடும். கரிய எண்ணெய்ப் பசையும் தார் வாசனையும் வந்தால் அதை இழைக்க வேண்டாம்.